திரும்பி வருவதே வெற்றி: ஹரிச்சந்திரகட் மலையில் ஒரு பகல்

மகாராஷ்டிரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பில், நிலம் திடீரென முடிந்துபோகும் இடம் ஒன்று உள்ளது. அரைவட்டமாக வளைந்து, உள்நோக்கிக் குடைந்து நிற்கும் கரும்பாறைச் சுவர் அது. அதன் முகட்டில் படுத்து எட்டிப் பார்ப்பவருக்குக் காலடிப் பாறைகூடத் தெரியாது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் கொங்கணச் சமவெளியின் வயல்களும் காடுகளும் மட்டுமே தெரியும். "கொங்கண் கடா' என்பது மராத்தியர் அதற்கு இட்ட பெயர். கடா என்றால் செங்குத்துப் பாறை.

தில்லிவாசிகளுக்கு தர்மசாலாவின் திரியுண்ட் எப்படியோ, மும்பை, புணே நகரவாசிகளுக்கு இந்தப் பாறை முகடு அப்படி. சனிக்கிழமை இரவு நகரத்தை விட்டுப் புறப்பட்டு, ஞாயிறு முழுவதும் ஏறி இறங்கி, திங்கள்கிழமை காலை அலுவலகம் செல்லும் இளைஞர்களின் கனவு இது. அந்தக் கனவுக்கு இந்த மலை சில வேளைகளில் உயிரை விலையாகக் கேட்டிருக்கிறது என்பதும் உண்மை.

பெயரில் ஓர் அரசன்: கொங்கண் கடா அமைந்திருப்பது ஹரிச்சந்திரகட் என்னும் மலைக்கோட்டையில். அகிலியாநகர் (முந்தைய அகமதுநகர்) மாவட்டம் அகோலே வட்டத்தில், புணே, தாணே மாவட்டங்களின் எல்லையை ஒட்டி இது எழுந்து நிற்கிறது. வாய்மை தவறாத அரசன் ஹரிச்சந்திரனின் பெயரையே மலை தாங்கியுள்ளது. மலையின் மிக உயர்ந்த சிகரம் 1,429 மீட்டர் உயரமுள்ள தாராமதி. மற்றொன்று ரோஹிதாஸ். தமிழ் மரபில் சந்திரமதி என்றும் லோகிதாசன் என்றும் நாம் அறிந்திருக்கும் அரசியும் இளவரசனுமே இங்கு சிகரங்களாக நிற்கின்றனர்.

கோட்டை என்றதும் நெடிய மதில்களையும் கொத்தளங்களையும் எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாறுவார். இங்கு மலையே மதில். 18-ம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் முகலாயரிடமிருந்து மராத்தியர் கைக்கு இந்தக் கோட்டை மாறியது. ஆனால் மலையின் வரலாறு அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தையது. உச்சிப் பீடபூமியில் உள்ள ஹரிச்சந்திரேஸ்வரர் ஆலயமும் அதைச் சுற்றியுள்ள குடைவரைகளும் அதற்குச் சான்று. சாங்தேவ் என்ற ஞானி இங்கு தவமிருந்து "தத்துவசாரம்' என்ற மராத்தி நூலை இயற்றினார் என்பது மரபு.

ஆலயத்துக்கு அருகில் கேதாரேஸ்வரர் குகை உள்ளது. இடுப்பளவுக்கும் மேலான குளிர்ந்த நீரின் நடுவே பெரிய சிவலிங்கம் நிற்கிறது. அதைச் சுற்றி ஒருகாலத்தில் இருந்த நான்கு தூண்களில் ஒன்று மட்டுமே இன்று முழுமையாக உள்ளது. நான்கு தூண்களும் நான்கு யுகங்களைக் குறிக்கின்றன, கடைசித் தூண் விழும் நாளில் கலியுகம் முடியும் என்பது மக்களின் நம்பிக்கை.

படிக்கட்டுப் பாறை: இந்த மலையில் ஏறுவது ஏன் கடினம் என்பதற்கான விடை அதன் பிறப்பிலேயே உள்ளது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், தக்காணத்தில் நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு அலை அலையாக வெளியேறியது. ஓர் அடுக்கு ஆறி இறுகியதும் அதன்மேல் அடுத்த அடுக்கு பரவியது. இவ்வாறு உருவான கருங்கல் அடுக்குகளையே நிலவியலாளர்கள் "டெக்கான் டிராப்' என்கின்றனர். டிராப் என்ற சொல், படிக்கட்டைக் குறிக்கும் ஸ்காண்டிநேவிய மொழிச் சொல்லிலிருந்து வந்தது.

ஏறுபவரின் கால்கள் இதை விரைவில் உணர்ந்துகொள்கின்றன. சிறிது தூரம் சமதளமாக நடை, பிறகு செங்குத்தாக ஒரு பாறை, மீண்டும் சமதளம், மீண்டும் பாறை. சீரான சரிவு எங்கும் கிடையாது. மேற்கு நோக்கிய பக்கத்தில் மட்டும் இந்தப் படிகள் அனைத்தும் ஒன்றாக அறுபட்டு ஒரே சுவராகிவிட்டன. அதுதான் கொங்கண் கடா.

மூன்று பாதைகள்: மலைக்குச் செல்லப் பல வழிகள் இருப்பினும் மூன்று முக்கியமானவை. வடக்கே பாச்னை கிராமத்திலிருந்து ஏறுவது எளிது. இரண்டரை அல்லது மூன்று மணி நேரத்தில் ஆலயத்தை அடையலாம். கொங்கணப் பக்கமுள்ள பேல்பாடா கிராமத்திலிருந்து "நளீச்சி வாட்' என்ற குறுகிய பாறை இடுக்கு வழியாக ஏறுவது மிகக் கடினம். கயிறும் பயிற்சியும் அனுபவமுள்ள துணையும் இன்றி அதில் இறங்குவோர் இல்லை, இறங்கவும் கூடாது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது புணே மாவட்டம் ஜுன்னர் வட்டத்தைச் சேர்ந்த கீரேஷ்வரிலிருந்து தொடங்கும் பாதை. மாள்ஷேஜ் கணவாய் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து, பிம்பள்காவ் ஜோகா அணையின் கரையோரமாகச் சென்றால் கீரேஷ்வர் வரும். பழைமையான நாகேஸ்வரர் ஆலயம் உள்ள சிற்றூர் அது. உடல் வலிமையையும் பொறுமையையும் ஒருசேரச் சோதிக்கும் இந்தப் பாதையில்தான் ஒரு பகல் பயணத்தின் முழு இயல்பும் புலப்படும்.

கீரேஷ்வரிலிருந்து முதல் இலக்கு தோலார் கிண்ட் என்ற கணவாய். காட்டின் நடுவே செல்லும் இந்தப் பகுதி ஏற்றமாக இருந்தாலும் அச்சம் தராது. கணவாயைத் தாண்டியதும் பாதை பாறைமீது ஏறுகிறது. கைப்பிடிக்க இரும்புக் கம்பிகள் பொருத்தப்பட்டுள்ளன. ஒருவர் பின் ஒருவராகவே ஏற முடியும். விடுமுறை நாள்களில் இங்கு கோயில் வரிசைபோல் மக்கள் காத்து நிற்பதுண்டு.

பாறையை ஏறி முடித்தவர் உச்சியை அடைந்துவிட்டதாக நினைப்பது வழக்கம். அங்குதான் மலை தன் இரண்டாவது தேர்வைத் தொடங்குகிறது. ஆலயத்துக்கும் அந்தப் பாறைக்கும் இடையே சிறு குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து தாழ்கின்றன. ஏழு குன்றுகள் என்று நடையாளர்கள் எண்ணுகின்றனர். ஒவ்வொரு மேட்டின் மேலும் ஆலயக் கோபுரம் தெரியும் என்று எதிர்பார்ப்பவருக்கு அடுத்த மேடுதான் தெரியும். கிராமத்திலிருந்து ஆலயத்துக்கு நான்கு முதல் ஐந்து மணி நேரம் ஆகும். அங்கிருந்து மேற்கே கொங்கண் கடாவுக்கு மேலும் அரை மணி நேரம்.

வட்ட வானவில்: அத்தனை களைப்பையும் மறக்கச் செய்யும் காட்சி முகட்டில் காத்திருக்கிறது. மேற்கிலிருந்து வரும் காற்று வளைந்த பாறைச் சுவரில் மோதி, வேறு வழியின்றி நேர் மேலாக எழும்புகிறது. முகட்டிலிருந்து வீசப்படும் இலையோ காகிதமோ கீழே விழாமல் மேலே திரும்பி வருவதை இங்கு காணலாம். மழைக்காலத்தில் கீழிருந்து மேகங்கள் இதே வேகத்தில் எழும்பிப் பீடபூமியை மூடிக்கொள்கின்றன.

அரிதாகக் காணக்கிடைக்கும் மற்றொரு காட்சி "இந்திரவஜ்ரம்'. பார்ப்பவரின் முதுகுக்குப் பின்னால் சூரியனும், முன்னால் பாறைக்குக் கீழே மேகமும் இருக்கும்போது, அவரது நிழல் மேகத்தின் மீது விழுகிறது. மேகத்தின் நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடித்துத் திருப்புவதால் அந்த நிழலைச் சுற்றி முழு வட்டமாக வண்ண வளையம் தோன்றுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரியும் இயற்கை ஆய்வாளருமான வில்லியம் ஹென்றி சைக்ஸ், தக்காணத்தின் வானிலை குறித்து 1835-ல் வெளியான தமது கட்டுரையில் இந்தக் காட்சியைப் பதிவு செய்துள்ளார்.

பகல் பயணியின் கணக்கு: ஆனால் இங்கு ஒரு சிக்கல் உள்ளது. கொங்கண் கடா மேற்கு நோக்கியது. எனவே இந்திரவஜ்ரம் தோன்றுவதற்குச் சூரியன் கிழக்கில் இருக்க வேண்டும். அது காலை நேரம். முகட்டின் புகழுக்குக் காரணமான மற்றொரு காட்சியான சூரிய அஸ்தமனமோ மாலை நேரம். கீரேஷ்வரிலிருந்து ஒரே பகலில் ஏறி இறங்குபவருக்கு இவ்விரண்டும் வாய்ப்பதில்லை. அவர் முகட்டில் நிற்பது நண்பகலில்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். காலை 6 மணிக்குக் கிராமத்தை விட்டுப் புறப்படுபவர் ஆலயத்தை 11 மணி அளவிலும் கொங்கண் கடாவை 11.30 மணி அளவிலும் அடைவார். டிசம்பரில் மாலை 6 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். இறங்குவதற்குக் குறைந்தது நான்கு மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஓய்வுக்கும் உணவுக்கும் எதிர்பாராத தாமதத்துக்கும் சேர்த்துப் பார்த்தால், பிற்பகல் 1 மணிக்கு முகட்டுக்கு முதுகு காட்டியே ஆக வேண்டும். முகட்டில் அவருக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம் மட்டுமே.

இத்தனை தூரம் வந்தபின் அஸ்தமனத்தைப் பார்க்காமல் போவதா என்ற எண்ணம் அந்த நேரத்தில்தான் எழுகிறது. விபத்துக்கான விதை பெரும்பாலும் அந்த எண்ணமே. சூரியன் மறையும்வரை காத்திருந்தவர் இருளில் ஏழு குன்றுகளைக் கடந்து, கைப்பிடிக் கம்பிகளைத் தடவித் தடவிப் பாறையில் இறங்க வேண்டும். காலையில் ஏறிய அதே பாறை, களைத்த கால்களுக்கு மாலையில் வேறு பாறையாகிவிடுகிறது. ஏறும்போது கண் அடுத்த பிடியைக் காண்கிறது. இறங்கும்போது கால் கண்ணுக்குத் தெரியாத இடத்தைத் தேடுகிறது.

அஸ்தமனத்தையும் காலைக் காட்சியையும் விரும்புவோர் இரவு மலைமீது தங்கும் திட்டத்துடன் வருவதே முறை. அதற்குரிய அனுமதி, கட்டுப்பாடுகள் குறித்த வனத்துறையின் அறிவிப்புகளை முன்னதாகவே கேட்டறிவது அவசியம். பகல் பயணியாக வந்துவிட்டு, முகட்டில் நின்று மனத்தை மாற்றிக்கொள்வதுதான் ஆபத்து.

தூக்கமின்மை என்ற மறைமுக ஆபத்தும் உண்டு. மும்பையிலிருந்தோ புணேயிலிருந்தோ நான்கைந்து மணி நேரம் இரவுப் பயணம் செய்து, கண் மூடாமலேயே ஏறத் தொடங்குவோர் பலர். அதே நாள் இரவில் மீண்டும் வண்டி ஓட்டி நகரம் திரும்புவோரும் உள்ளனர். முந்தைய நாள் மாலையே கிராமத்துக்கு வந்து உறங்கி எழுவது, எந்த விலை உயர்ந்த காலணியைவிடவும் பெரிய பாதுகாப்பு.

மலை கற்பித்த பாடங்கள்: ஹரிச்சந்திரகட்டில் நிகழ்ந்த சில சம்பவங்கள் இதை உணர்த்துகின்றன. 2018 நவம்பரில் கொங்கண் கடாவில் கயிறு கட்டி இறங்கிய குழு ஒன்று, இருள் சூழ்ந்ததால் நடுவழியில் சிக்கிக்கொண்டது. இரவைப் பாறையிலேயே கழித்த அவர்கள் மறுநாள் மீட்கப்பட்டனர். 2020 ஜனவரியில் இதே முகட்டில், பல ஆண்டுகள் அனுபவமுள்ள மூத்த மலையேற்றக்காரர் ஒருவர் விழுந்து உயிரிழந்தார். அனுபவம் இருந்தாலும் விளிம்பு மன்னிப்பதில்லை என்பதை அந்த மரணம் காட்டியது.

2023 ஆகஸ்டில் புணேயிலிருந்து வந்த சிறு குழு மழையிலும் மூடுபனியிலும் வழி தவறியது. குளிரைத் தாங்காமல் ஒருவர் உயிரிழந்தார். மற்றவர்கள் மீட்கப்பட்டனர். அவரைப் பறித்தது பாறை விளிம்பு அல்ல; நனைந்த உடையும் குளிர்ந்த காற்றும் கண்ணை மறைத்த பனியும்தான். வெப்ப நாடான இந்தியாவில், அதுவும் இமயமலைக்கு வெகு தொலைவில், குளிரால் மரணம் நேரும் என்று மலைக்குச் செல்வோரில் பலர் எண்ணுவதே இல்லை. தொடர்ந்து நனைந்த உடல் காற்றில் வெப்பத்தை இழக்கும்போது முதலில் நடுக்கமும் பிறகு குழப்பமும் ஏற்படுகிறது. குழப்பம் வந்தபின் வழியைக் கண்டறிவது இயலாததாகிவிடும்.

பீடபூமியில் வழி தவறுவது எளிது. மாடுகள் நடந்து உண்டான தடங்கள் மனிதர் பாதைபோலவே தோன்றும். மேகம் மூடினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. கைப்பேசியின் அலைவரிசையை எல்லா இடத்திலும் நம்ப முடியாது. ஈரக் கருங்கல்லில் படரும் பாசி, கண்ணாடிபோல் வழுக்கும். எனவேதான் மழைக்காலம் முடிந்து, அக்டோபர் முதல் பிப்ரவரி வரையிலான காலமே புதியவர்களுக்கு ஏற்றதாகக் கருதப்படுகிறது. மார்ச் மாதத்துக்குப் பிறகு நிழலற்ற பாறையின் வெப்பமும் தண்ணீர்ப் பற்றாக்குறையும் வேறு வகையில் வாட்டும். ஒருவருக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்புக் கரைசல், கைவிளக்கு, மாற்று உடை, மழைக் காப்பு ஆகியவை எந்தக் காலத்திலும் பையில் இருக்க வேண்டியவை.

மலையின் மக்கள்: ஹரிச்சந்திரகட் சுற்றுலாத் தலம் மட்டுமல்ல. கள்சூபாய் ஹரிச்சந்திரகட் வனவிலங்குச் சரணாலயத்தின் ஒரு பகுதி இது. 1986-ல் அறிவிக்கப்பட்ட இந்தச் சரணாலயத்தின் பரப்பு சுமார் 361 சதுர கிலோமீட்டர். மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமான 1,646 மீட்டர் கள்சூபாயும் இதில் அடங்கும். மாநில விலங்கான மலை அணில் இந்தக் காடுகளில் வாழ்கிறது. ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலர்ந்து சரிவுகளை ஊதா நிறமாக்கும் கார்விச் செடி, நீலகிரியில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சியின் நெருங்கிய உறவு.

மலையடிவாரக் கிராமங்களில் மகாதேவ் கோளி பழங்குடியினர் தலைமுறைகளாக வாழ்கின்றனர். மழையை நம்பி நெல் பயிரிடுவதும் கால்நடை வளர்ப்பதும் அவர்களின் தொழில். கார்வித் தண்டுகளை வரிசையாகக் கட்டி, மண் பூசிச் சுவர் எழுப்புவது அவர்களின் வீடு கட்டும் முறை. மலையேற்றம் பெருகியபின் வழிகாட்டுதலும் உணவு சமைத்தளிப்பதும் புதிய வருவாயாகியுள்ளன. கடலை மாவில் செய்த பிட்லாவும், சுடச்சுட பாக்ரி ரொட்டியும், பச்சை மிளகாய் தேச்சாவும் களைத்து வருவோருக்கு விருந்து.

எந்த ஓடை எந்த மழைக்குப் பெருகும், எந்தத் தடம் பாறை விளிம்பில் போய் முடியும் என்பது இவர்களுக்குத் தெரியும். யாரேனும் காணாமல் போனால் முதலில் தேடிச் செல்பவர்களும் இவர்களே. இவர்களுடன் கைகோர்ப்பவை மாநிலத்தின் தன்னார்வ மலையேற்ற மீட்புக் குழுக்கள். இரவு பகல் பாராமல், தங்கள் வேலையை விட்டு வரும் இவர்கள் சம்பளம் பெறுவோர் அல்லர். உள்ளூர் வழிகாட்டிக்குக் கொடுக்கும் சிறு தொகையை மிச்சம் பிடிக்க எண்ணுபவர், தேவை வந்தால் அதே மனிதர்கள் மழையில் தம்மைத் தேடி அலைவார்கள் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

எது வேலி?: மலையேற்றப் பயணங்களை நடத்துவோர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற நோக்குடன் மகாராஷ்டிர அரசு 2021-ல் சாகசச் சுற்றுலாக் கொள்கையைக் கொண்டுவந்தது. விதிமுறைகள் தேவையானவையே. ஆயினும் நண்பர்கள் நால்வர் சேர்ந்து தாமாகவே புறப்பட்டு வருவதை எந்தப் பதிவேடும் காட்டாது. இரும்புக் கம்பி வேலி எத்தனை தூரம் போட்டாலும் கொங்கண் கடாவின் வளைந்த முகடு முழுவதையும் அடைத்துவிட முடியாது.

செஞ்சி உள்ளிட்ட 12 மராத்தியர் காலக் கோட்டைகள் 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. ஹரிச்சந்திரகட் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் கோட்டைகள் மீதான ஆர்வம் வளர வளர இங்கும் கூட்டம் பெருகவே செய்யும். கூட்டத்துடன் நெகிழிப் புட்டிகளும் மேலேறுகின்றன. கொண்டுசென்ற குப்பையைத் திரும்பக் கொண்டுவருவது, விளிம்பிலிருந்து சில அடி தள்ளி நிற்பது, எட்டிப் பார்க்க விரும்பினால் நிற்காமல் படுத்துப் பார்ப்பது, குறித்த நேரத்தில் திரும்புவது என இம்மலையை நன்கு அறிந்தோர் கடைப்பிடிக்கும் வழக்கங்கள் எழுதப்படாத சட்டங்களாக உள்ளன. வேலியாக அமைவது இந்த வழக்கங்களே.

பிற்பகல் 1 மணிக்கு முகட்டை விட்டுப் புறப்பட்டவர், 5.30 மணி அளவில் தோலார் கிண்டைத் தாண்டிக் கீரேஷ்வரை நெருங்கியிருப்பார். முழங்கால்கள் வலிக்கும், தண்ணீர்ப் புட்டி காலியாக இருக்கும். கிராமத்து வீட்டுத் திண்ணையில் தேநீர் கிடைக்கும். பிம்பள்காவ் ஜோகா அணையின் நீர்ப்பரப்பு அப்போது நிறம் மாறத் தொடங்கும். முகட்டில் அவர் காணாமல் விட்டுவந்த அஸ்தமனத்தை, காலணியைக் கழற்றிவைத்துவிட்டு, அந்தக் கரையில் அமர்ந்து பார்க்கலாம்.